வேர்க்காதவனுக்கு எதுக்குடா உப்பு?

தண்ணியில கரைச்சுக் குடிக்கிறியே, அந்த உப்புப் பொட்டலத்த இப்படிக் கொண்டா பேராண்டி. கிழிச்சுக் கொட்டறதுக்கு முன்னால என்ன எழுதியிருக்கான்னு பாப்போம். என் கண்ணாடி ஒண்ணு பத்தாது, ஒங்க பாட்டி கண்ணாடியையும் அது மேல மாட்டிக்கிறேன். சோடியம் 1000 மில்லிகிராம். பொட்டாசியம் 200. மெக்னீசியம் 60. சீனி கோசோங். சரி, பொழச்சோம். வெல என்ன சொன்ன? ஒரு பொட்டலம் அஞ்சு வெள்ளிக்கு மேலயா? பெட்டியோட வாங்குனா மலிவா வருமா? வரும், வரும். கடன் அட்டையில தேய்க்கிறது எல்லாமே மலிவாத்தான் வரும்.

மூஞ்சியத் தூக்காத. ஒன் சம்பளம், ஒன் வயிறு. எனக்குக் கணக்குப் பாக்குறது பழகிப் போச்சு. தோட்டத்துல ரப்பர் பால் நிறுக்கிற எடத்துல கிராணி பென்சிலப் பிடிச்சா, வரிசையில வாளியோட நிக்கிற நாங்க மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டுக்குவோம். ரெண்டு கணக்கும் ஒருநாளும் ஒத்துப் போனதில்ல. அந்தப் புத்தி இன்னும் போகல.

நீயே போடேன் கணக்க, யூனிவர்சிட்டி படிச்ச பிள்ளைதானே. சாப்பாட்டு உப்புல அஞ்சுல ரெண்டு பங்கு சோடியம். அப்ப 1000 மில்லிகிராம் சோடியம்னா ரெண்டரை கிராம் உப்பு. ஒரு தேக்கரண்டி உப்பு அஞ்சாறு கிராம் வரும். ஆக, இந்தப் பளபளக் காயிதத்துக்குள்ள இருக்கிறது அரைக் கரண்டிக்கும் கொஞ்சம் கொறச்சலா உப்பு. ஒரு பெரிய ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழ போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நீ காலையில பல்லு வெளக்குன கையோட அதுல பாதிய முடிச்சிடுற. அதுக்கப்புறம் நாசி லெமாக், அதுல நெத்திலி சம்பல். மத்தியானம் மாமாக் கடையில கறிக்குழம்பு தண்ணியா ஓடணும் ஒனக்கு. ராத்திரி மேகி கோரேங். அதுல எல்லாம் உப்பு போட மறந்துடுவாங்கன்னா நெனச்சுக்கிட்டிருக்க?

நம்ம நாட்டு ஆளுங்க சராசரியா ஒரு நாளைக்கு 7.9 கிராம் உப்பு திங்கிறாங்கன்னு சுகாதார அமைச்சு 2017-18ல ஆய்வு பண்ணிச் சொல்லியிருக்கு. எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? 24 மணி நேர மூத்திரத்தப் பிடிச்சுச் சோதிச்சுத்தான். ஆளப் பாத்துக் கேட்டா, 'நான் உப்பே சேத்துக்கிறதில்லைங்க'ன்னு சொல்லுவான். மூத்திரத்துக்கு அந்த நாசூக்கு தெரியாது. 2023ல எடுத்த இன்னொரு ஆய்வுல, பெரியவங்கள்ல 29.2 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு, 15.6 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். இனிப்பு நீர்ல நம்ம இந்தியர்தான் முன்னால நிக்கிறோம். வேற எதுலயாவது முன்னால நிக்கிறோமான்னு கேக்காத, சாப்பிடுற நேரத்துல அரசியல் வேணாம்.

அதனால நீ சீனி இல்லாத சரக்கா பாத்து வாங்கினது புத்திசாலித்தனம்னு ஒத்துக்கிறேன். ஒங்க அப்பனுக்கு இனிப்பு நீர், ஒங்க அத்தைக்கு இனிப்பு நீர், எனக்கு ரெண்டு வேள மாத்திர. சீனியப் பாத்துப் பயப்படற. நல்லது. ஒங்க அப்பனுக்கு ரத்தக் கொதிப்பும் இருக்குன்னு மட்டும் யாரும் ஒனக்குச் சொல்லல போலிருக்கு.

சரி, உப்பு ஒனக்கு எதுக்குடா? 'வேர்வையில போறத திருப்பி ஊத்தணும் தாத்தா'ன்னு சொல்லுற. ஒத்துக்கிறேன். ஒரு லிட்டர் வேர்வையில சுமாரா ஒரு கிராம் சோடியம் போகும். ஆளுக்கு ஆள் மாறும். செல பேருக்கு சட்டை காஞ்சா முதுகுல வெள்ளக் கோடு நிக்கும், செல பேருக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒனக்கு ஒரு லிட்டர் எங்கடா வேர்த்துச்சு? காலையில ஏர்கோன் காடி. ஆபீசுல ஏர்கோன், அதுவும் குளுருதுன்னு மேல ஒரு சட்டை. சாயந்தரம் ஜிம்மு, அங்கயும் ஏர்கோன். நின்ன எடத்துலயே ஓடுற மிசின்ல முக்கா மணி நேரம். அதுல பாதி நேரம் கண்ணாடியப் பாத்துப் படம் எடுக்கிற. அந்தச் சட்டையத் தொவைக்கப் போடறப்ப ஒங்க பாட்டி மோந்து பாத்துட்டு, 'இத இன்னொரு நாளைக்குப் போடலாமே'ங்குறா.

ஒரு மணி நேரத்துக்குள்ள முடியிற ஒடம்புப் பயிற்சிக்குத் தண்ணி போதும்டா. போன உப்ப அடுத்த வேள சோறே திருப்பிக் குடுத்துடும். இது நான் சொல்லுறதில்ல, விளையாட்டு மருத்துவம் படிச்சவங்களே சொல்லுறது. விக்கிறவன் மட்டும்தான் வேற சொல்லுவான். 'தாகம் எடுக்கிறதுக்கு முன்னாலயே குடி'ம்பான். பசிக்கிறதுக்கு முன்னால சாப்பிடு, தூக்கம் வரதுக்கு முன்னால தூங்குன்னும் ஒருநாளைக்கு வருவான் பாரு, அதுக்கும் ஒரு பொட்டலத்தோட.

வேர்வைன்னா என்னன்னு பாக்கணும்னா நீ கித்தாத் தோட்டத்துக் காலத்துக்கு வந்திருக்கணும். விடியறதுக்கு முன்னால பெரட்டு. தண்டல் பேரு கூப்பிடுவான். ஆளுக்கு ஒரு நெரை. தலையில வெளக்கக் கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் குனிஞ்சு, நிமிர்ந்து, உளிய இழுத்து, கோப்பைய நிமித்தி வெச்சு, அடுத்த மரத்துக்கு ஓடணும். நடந்தா ஆவாது, ஓடணும். வெயில் ஏறிட்டா பால் ஒறஞ்சிடும். அப்புறம் அதே நெரையில திரும்ப வந்து பால் எடுக்கணும். காண்டா கம்புல ரெண்டு பக்கமும் வாளி, மேடு பள்ளம், அட்டைக்கடி, மழைத் தண்ணியில வழுக்குற வரப்பு. பால் ஸ்டோருக்கு வந்து சேர்றப்ப ரவிக்கையப் புழிஞ்சா தண்ணி சொட்டும் ஒங்க பாட்டிக்கு. இப்பச் சட்டைய மோந்து பாத்துச் சிரிக்கிறாளே, அவளேதான்.

அப்ப என்ன குடிச்சோம்? போத்தல்ல வரக்கோப்பி. வாய்க்கு காயிதத்தச் சுருட்டி அடைச்சிருக்கும். தூக்குச் சட்டியில பழைய சோறு. ராத்திரியே தண்ணி ஊத்தி வெச்சது, காலையில லேசாப் புளிச்சிருக்கும். அதுல கல்லு உப்பு. தொட்டுக்கச் சுட்ட கருவாடு, மோர் மொளகா. மரத்தடியில குந்தி, முதல்ல அந்த நீராகாரத்தக் குடிப்போம், அப்புறம்தான் சோத்தப் பிழிஞ்சு வாய்ல போடுறது. அதுல உப்பு இருந்துச்சு, அரிசி மாவுச்சத்து இருந்துச்சு, தண்ணி இருந்துச்சு. ஒடம்புக்கு வேண்டிய அத்தனையும் அந்தத் தூக்குச் சட்டியில இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நாங்களும் பேரு வெச்சு வித்திருப்போம். ஒங்க பாட்டி படம் போட்ட பொட்டலம். எவன் வாங்குவான்னுதான் தெரியல.

சீனன் கடை சாடியில ஆசாம் பொய் இருக்கும் பாரு, அதையும் மறந்துடாத. உப்புல ஊறிக் காஞ்ச பழம். லிமாவ் கஸ்தூரி ரெண்டு பிழிஞ்சு, அதுல ஒண்ணப் போட்டு, தண்ணி ஊத்திக் கலக்கிக் குடிச்சா போன உசுரு திரும்பி வரும். இன்னைக்கும் கோப்பிக் கடையில கேட்டா குடுப்பான். சீனிப் பாகு ஊத்தாதேன்னு சொல்லிட்டா அதுவும் நீ சொல்லுற சீனி இல்லாத உப்புத் தண்ணிதான். மோரு இருக்கு. தைப்பூசத்துக்குப் பத்துமலை போறப்ப தண்ணீர்ப் பந்தல்ல வரிசையா ஊத்தறாங்களே, மோரு, பானகம், செராப்பு. வெறுங்காலோட காவடி தூக்கி, வெயில்ல மணிக்கணக்கா நடந்து, 272 படியும் ஏறுறவனுக்கு அது தேவ. அவனுக்குத் தொணையா வந்து, படிக்குக் கீழ நிழல்ல நின்னு போன்ல படம் பிடிக்கிறவனும் ஒவ்வொரு பந்தல்லயும் ரெண்டு கோப்ப இழுத்துடறான் பாரு, நான் பேசுறது அவனப் பத்தி.

இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஞாயித்துக் கிழமையானா வழுவழுன்னு ஒட்டுன சட்டையப் போட்டுக்கிட்டு சைக்கிள்ல செரண்டா, பத்தாங்காலி, கோலகுபு வரைக்கும் போயிட்டு வரியே, வழியில எவனாவது 'எறங்குடா'ன்னு சொல்லுறானா? சொல்லமாட்டான். ஒன் கொள்ளுத் தாத்தா காலத்துல தோட்டத்துல தொரை எதிர்ல வந்தா, சைக்கிள்ல போறவன் எறங்கி ஓரமா நிக்கணும். 1941ல கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துல வேலைநிறுத்தம் நடந்தப்ப, கூலிய ஏத்துன்னு கேட்டதோட, தொரைக்கு முன்னால சைக்கிள விட்டு எறங்கமாட்டோம்னும் ஒரு கோரிக்க வெச்சாங்க. ஆர்.எச்.நாதன்னு ஒருத்தர் முன்னால நின்னாரு. அவரப் பிடிச்சு நாடு கடத்துனாங்க, பட்டாளம் வந்துச்சு, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு. நீ மிதிக்கிற சைக்கிளுக்கு அப்படி ஒரு கத இருக்கு. வழியில நிக்கறப்ப ஆழமா மூச்சு விட்டுக்கிட்டு 'ஹைட்ரேசன், ஹைட்ரேசன்'னு சொல்லுறியாமே ஒன் கூட்டாளிங்ககிட்ட. அப்பப்ப இந்தக் கதையையும் சொல்லு.

அந்தக் கோரிக்கப் பட்டியல்லயே கள்ளுக்கடைய மூடுன்னும் ஒண்ணு இருந்துச்சு. தோட்டத்துக்காரனோட தாகத்த வெச்சுக் காசு பாக்குறது ஒன் பொட்டலக்காரன் கண்டுபிடிச்சதில்ல பேராண்டி. வேர்த்து வர்றவனுக்கு சாயந்தரம் கள்ளு. குடிச்சது வெளிய போயிடும், சம்பளமும் அதோடயே போயிடும். அப்ப வேர்த்தவன்கிட்ட வித்தான். இப்ப வேர்க்காதவன்கிட்ட விக்கிறான். வியாபாரம் வளந்திருக்குன்னு வேணா சொல்லலாம்.

சீனிக்கு வருவோம். சீனி மேல எனக்குக் கோவம் இல்லன்னு இல்ல. 1983ல இந்த நாட்டுல 100பிளஸ் வந்துச்சு. காத்தும் உப்பும் சீனியும் கலந்த தண்ணி. பந்து வெளையாடுறவன் குடிச்சான், சரி. அப்புறம் பந்து வெளையாட்டப் பாக்குறவன் குடிச்சான். அப்புறம் காய்ச்சல்காரனப் பாக்க ஆசுபத்திரிக்குப் போறவன் எல்லாம் ஆரஞ்சுக்குப் பதிலா அதத்தான் தூக்கிட்டுப் போறான். சீனித் தண்ணிக்கு 2019 ஜூலை மாசம் அரசாங்கம் லிட்டருக்கு 40 சென் வரி போட்டுச்சு. 2024ல அது 50 சென் ஆச்சு, 2025 ஜனவரியில 90 சென். 100 மில்லி லிட்டர்ல 5 கிராமுக்கு மேல சீனி இருந்தா வரி. அதனால ஒவ்வொரு கம்பெனிக்காரனும் சீனியக் கொறச்சான், சீனி இல்லாத டின்னும் விட்டான். வரி போட்டா புத்தி வருது பாரு, எங்க அப்பா பெல்ட்டால போட்டா எனக்கு வந்ததில்ல.

ஆனா சீனிய மொத்தமா வில்லனாக்கிடாத. இங்கதான் நீ ஒரு எடத்துல கோட்ட விடுற. போன தடவ வயித்தால போனப்ப இந்தப் பொட்டலத்தையே கரைச்சுக் குடிச்சேன்னு சொன்ன பாரு. அதுக்கு இது ஆவாது. வயித்தால போறப்ப கொடல் தண்ணிய ஒழுங்கா இழுக்கமாட்டேங்குது. உப்பு தனியா வந்தா, அந்தக் கொடல் கதவ அரைகுறையாத்தான் தொறக்கும். கூடவே குளுக்கோஸ் வந்தா தாராளமா விடும். உப்பும் குளுக்கோஸும் ஒரே வாசல்ல சேந்து போகும், தண்ணி அவங்க பின்னாலயே போகும். மாமியார் வீட்டுக்குத் தனியாப் போன மருமவன் வாசல்லயே நிக்கிறதும், பொண்டாட்டியோட போனா பலகை போட்டு ஒக்கார வெக்கிறதும் மாதிரி. மரியாத யாருக்குன்னு நான் சொல்லணுமா, நீதான் போயிட்டு வரியே.

அதனாலதான் கிளினிக்ல குடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துல ஒரு லிட்டர் தண்ணிக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட்டு 2.9 கிராம்னு அளந்து வெச்சிருக்கான். அது இனிப்புக்குப் போட்டதில்ல, வண்டி இழுக்கப் போட்டது. பொட்டலம் கெடைக்கலைன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி, தல தட்டுன தேக்கரண்டியில ஆறு சீனி, அரைக் கரண்டி உப்பு. தல தட்டணும், குமிச்சு அள்ளக் கூடாது. இந்த விசயத்துல ஒங்க பாட்டி கைய நம்பாத. அவ குழம்புக்குப் போடுற உப்பே கண் திட்டம்தான்.

இந்தச் சீனி-உப்புத் தண்ணியோட மகிமைய ஒலகத்துக்குக் காட்டினது எந்தப் பெரிய ஆசுபத்திரியும் இல்ல, ஒரு அகதி முகாம். 1971ல கிழக்குப் பாகிஸ்தான்ல சண்ட. லட்சக்கணக்குல சனங்க எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தாங்க. போன்காவ்ங்கிற எடத்துல காலரா. ஏத்துறதுக்கு ஊசித் தண்ணி தீந்து போச்சு. திலீப் மகாலநாபிஸ்னு ஒரு டாக்டர். கல்கத்தாவுல சாதா சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூணையும் அளந்து பொட்டலம் கட்டச் சொன்னாரு. முகாம்ல பீப்பாயில கரைச்சு, நோயாளியோட சொந்தக்காரங்க கையிலயே கோப்பையக் குடுத்து, ஊத்துங்கன்னாரு. நூத்துக்கு முப்பது பேரு செத்துக்கிட்டிருந்த எடத்துல நாலு பேருக்கும் கீழ கொறஞ்சுது. பெரிய டாக்டருங்க முதல்ல நம்பல. இவ்வளவு மலிவா உசுரக் காப்பாத்தினா எப்படி நம்புறது? 2022ல அவரு போய்ச் சேந்தாரு. அடுத்த வருசம் இந்திய அரசாங்கம் பத்ம விபூசண் குடுத்துச்சு. பரிசு வந்து சேர்றதுக்குள்ள ஆளு போயிடறது நம்ம பக்கத்து வழக்கம்தானே.

இந்தத் தண்ணியோட பேரையே திருடினவன் கதையும் இருக்கு. இந்தியாவுல சீனி நெறைய ஊத்தின டப்பாத் தண்ணிக்கு 'ஓ.ஆர்.எஸ்.'னு பேரு ஒட்டி மருந்துக் கடையில வித்தாங்க. வயித்தால போற கொழந்தைக்கு அதக் குடுத்தா இன்னும்தான் போகும், சீனி அதிகமானா கொடலுக்குள்ள தண்ணிய அதுவே இழுத்துக்கும். ஹைதராபாத்துல கொழந்த டாக்டரு சிவரஞ்சனி சந்தோஷ், வருசக்கணக்கா ஒத்த ஆளா நின்னு சண்ட போட்டாங்க. கடைசியா 2025 அக்டோபர்ல, அந்தப் பேர டப்பாவுல போடக் கூடாதுன்னு அங்க உணவுக் கட்டுப்பாட்டு ஆணையம் உத்தரவு போட்டுச்சு. ஒருத்தன் சீனிய அள்ளிக் கொட்டி மருந்துங்குறான். ஒன் ஆளு சீனிய எடுத்துட்டு மருந்துங்குறான். நடுவுல அளவா இருக்கிறத ரெண்டு பேரும் விக்கமாட்டாங்க, அதுல லாபம் இல்ல.

இப்ப எவனுக்கு வேர்க்குதுன்னு கேளு. நம்ம சுங்கை சோவுல நீ பொறக்கிறதுக்கு முன்னாலயே பெரோடுவா வந்துடுச்சு. 1994ல காஞ்சில் காடி இங்க இருந்துதான் வெளிய உருண்டுச்சு. தோட்டத்துப் பிள்ளைங்க நெறைய பேரு ஆலை, ஆபீசுன்னு போயிட்டீங்க. நல்லதுதான், நாங்க ஆசப்பட்டதும் அதுதான். கோல சிலாங்கூர் பக்கம் போனா இன்னமும் தோட்டம் இருக்கு. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்துல தென்னமரம் தோட்டம் கேள்விப்பட்டிருப்ப. அங்கதான் 1917ல ஹென்றி ஃபோக்கோனியேன்னு ஒரு பிரெஞ்சுத் தொரை, வியாபாரத்துக்குன்னு செம்பனைய நட்டு ஆரம்பிச்சு வெச்சான். அப்புறம் கித்தா போச்சு, எங்க பாத்தாலும் செம்பனை. இருவது கிலோ கொலைய நீட்டுக் கம்புல அரிவாளக் கட்டி அறுத்துத் தள்ளி, தள்ளுவண்டியில ஏத்தி ரோட்டுக்குக் கொண்டாரணும். காத்தே வராத நெழல், அதுல அவியிற வெக்கை. அத இப்ப யாரு செய்யிறா? இந்தோனேசியாக்காரன், பங்களாதேஷ்காரன்.

ஒங்க சித்தப்பன் வேலை பாக்குற தோட்டத்துல ஒரு பங்களாப் பையனப் பாத்தேன். சாப்பாட்டு நேரத்துல பெரிய தண்ணிப் போத்தல எடுத்தான். பையில இருந்து ரெண்டு முடிச்சு. ஒண்ணுல மூணு வெரலால கிள்ளி உப்பு. இன்னொண்ணுல கைக்கு ஒரு பிடி வெல்லம். போட்டு, மூடி, குலுக்கி, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுக் குடிச்சான். இத எங்க கத்துக்கிட்டன்னு கேட்டேன். அம்மாங்கறான். விசாரிச்சா, அங்க பிராக்னு ஒரு அமைப்பு, 1980ல இருந்து பத்து வருசம் பொம்பளைங்கள அனுப்பி, வீடு வீடா ஒக்காந்து, ஒரு கோடிக்கும் மேல வீட்டுல தாய்மாருக்கு இந்த உப்பு-வெல்லத் தண்ணியக் கையாலயே செஞ்சு காட்டிக் கத்துக் குடுத்திருக்கு. மூணு வெரல் கிள்ளு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணி. கொழந்தைக்கு வயித்தால போனா குடுக்கச் சொன்னது, வளந்த பிள்ளைக்கு வெயில்லயும் கூட வந்திருக்கு. அந்தப் பையனுக்குத் தண்ணி குடிக்க நிக்கிற நேரமும் கொலைக் கணக்குலதான் போகும். நீ ஜிம்முல ரெண்டு செட்டுக்கு நடுவுல மூணு நிமிசம் நிக்கிற. ஒன் பையில பொட்டலம், அவன் பையில முடிச்சு. யாருக்கு எது தேவன்னு மாத்திக் குடுத்திருக்கோம்னு எனக்குத் தோணுது. ஒனக்குத் தோணலன்னா பரவால்ல, ஒனக்கு இன்னும் வயசு இருக்கு.

அதுக்காகப் பெட்டியத் தூக்கிக் குப்பையில போடுன்னு சொல்லல. காசு போட்டு வாங்கினத வீசுனா ஒங்க பாட்டி என்னையும் சேத்து வீசிடுவா. அடுத்த மாசம் 21 கிலோமீட்டர் ஓடப் போறேன்னு பேரு குடுத்திருக்க இல்ல? அன்னைக்குக் கரைச்சுக்கோ. ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெயில்ல ஓடுனா உப்பு கேக்கும்தான். அப்ப கொஞ்சம் சீனியும் கேக்கும், காலுக்குத் தெம்பு எங்க இருந்து வரும்? ஒரு வாழப்பழமாவது வெச்சுக்கோ. தாகத்துக்குக் குடி, பந்தயம் கட்டிக் குடிக்காத. 2002ல அமெரிக்காவுல போஸ்டன் மாரத்தான் ஓடுனவங்கள்ல 488 பேரோட ரத்தத்தப் பாத்தாங்க. நூத்துக்குப் பதிமூணு பேருக்கு ரத்தத்துல சோடியம் கொறஞ்சு போயிருந்துச்சு. ஓட ஓட மொண்டு மொண்டு குடிச்சு, முடிக்கிறப்ப எடை ஏறியிருந்தவங்கதான் அதுல அதிகம். வெறும் தண்ணியக் குடிச்சாங்களா, கலர் தண்ணியக் குடிச்சாங்களாங்கிறது பெரிய வித்தியாசம் பண்ணல. ஓடிப் போய் எடை ஏத்திட்டு வர்றதுக்கு, வீட்டுல ஒக்காந்து ரொட்டி சானாய் சாப்பிடலாமே.

ஒங்க அப்பனுக்கு மட்டும் இதக் குடுத்துடாத. அன்பா ஒரு போத்தல் கலக்கி நீட்டுவ, எனக்குத் தெரியும். உப்பு அவனுக்குக் கொதிப்ப ஏத்தும். இன்னொண்ணு இந்தப் பொட்டாசியம். சிறுநீரகம் தளந்தவங்களுக்கு அது வெளிய போகாம தேங்கும், நெஞ்சுத் துடிப்பையே தடுமாற வெக்கும். கொதிப்புக்குக் குடுக்கிற செல மாத்திரையும் பொட்டாசியத்தப் பிடிச்சு வெச்சுக்கும். லயத்துல எங்களுக்குப் பக்கத்து வீட்டுல இருந்த அண்ணன், வாரம் மூணு தரம் ரத்தம் சுத்திகரிக்கப் போறாரு. எளநியக் கண்டா இப்பவும் கண்ணு கலங்குவாரு. எளநியில பொட்டாசியம் ஏராளம், அதனால டாக்டரு தொடாதேன்னுட்டாரு. தோட்டத்துல தென்ன ஏறிப் பறிச்ச மனுசன்.

அட, வாசம் என்ன போட்டிருக்கான்? மாம்பழம், மொளகா. மாம்பழமும் உள்ள இல்ல, மொளகாயும் உள்ள இல்ல. இனிக்குதே, அது எப்படின்னு பாத்தா ஸ்டீவியா. பராகுவே நாட்டு எல. எலைக்கு என்ன பாவம், அது பாட்டுக்கு மொளச்சிருக்கும். எடை கொறைக்கணும்னு இந்த மாதிரி சீனிக்குப் பதில் இனிப்பு எதையும் நம்பாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாசம் சொல்லிடுச்சு. நீண்ட நாள்ல கொழுப்பு கொறயல, அதான் காரணம். இதுக்கெல்லாம் மூலத்தண்ணி, 1965ல அமெரிக்காவுல புளோரிடா பல்கலைக்கழகத்துல ராபர்ட் கேட்னு ஒரு டாக்டரு, பந்தாட்டக்காரப் பசங்களுக்குக் கரைச்சதுதான். முதல்ல வாயில வெக்க முடியலையாம். அவரு சம்சாரம்தான் எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னாங்களாம். பாத்தியா, அங்கயும் சமையக்கட்டுல இருந்துதான் வழி பொறந்திருக்கு. பேரு மட்டும் டாக்டருக்கு.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்டா. ஒன் ரத்தக் கொதிப்பு எவ்வளவு? தெரியாதா? ராத்திரி எத்தன மணிக்குத் தூங்குனன்னு அந்தக் கைக்கடியாரம் சொல்லுது, எத்தன எட்டு நடந்தன்னு சொல்லுது, நெஞ்சு எத்தன தடவ அடிச்சுதுன்னு சொல்லுது. உப்பு மூட்டைய வாங்குறதுக்கு முன்னால பாக்க வேண்டியத மட்டும் பாக்கல. செவ்வாய்க்கிழமை நான் கிளினிக்குப் போறேன். நீயும் லீவு போட்டுட்டு வா, காடிய நீயே ஓட்டு. மிஸ்ஸி கையில பட்டையக் கட்டி அமுக்கி நம்பர் சொல்லுவா. அரசாங்கக் கிளினிக்ல பேரு பதிய ஒரு வெள்ளிதான். அத நான் கட்டுறேன். திரும்பி வர்றப்ப மாமாக் கடையில எனக்கு ஒரு தே ஓ கோசோங், ஒனக்கு வெறுந்தண்ணி. அத நீ கட்டு, பொட்டலக் காசுல மிச்சம் புடிச்சது இருக்குமே.